பெட்டியும் அட்டையும் இருந்தால் செபன்சா அசலாகிவிடுமா?

உங்கள் கேள்வி இதுதான். தனியாள் ஒருவர் கிறிஸ் ரீவின் பெரிய செபன்சா 21 மடக்குக் கத்தியைப் புதுக் கத்தியின் பாதி விலைக்கும் கீழே தருகிறேன் என்கிறார். பெட்டி இருக்கிறது, 2014 என்று தேதி போட்ட பிறப்பு அட்டை (கத்தி செய்யப்பட்ட தேதியைச் சொல்லும் நிறுவன அட்டை) இருக்கிறது, அலகில் முத்திரை இருக்கிறது. விளம்பரத்தில் அலகு எஸ்30வி எஃகு என்று எழுதியிருக்கிறார். முத்திரையின் படத்தைப் போட்டு, "இது சரியான முத்திரைதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கத்தியை அசல் என்று நம்ப எந்தச் சான்று போதும் என்பதே இதற்குள் இருக்கும் உண்மையான கேள்வி. முத்திரை, பெட்டி, அட்டை மூன்றும் போலி செய்பவனுக்கு ஆகக் குறைந்த செலவில் முடிகிறவை. லேசர் இயந்திரமும் அச்சுக்கூடமும் போதும். அதிகச் செலவு வைப்பது கத்தியின் உள்ளே, அலகு சுழலும் பிவட்டைச் சுற்றி இருக்கும் அளவுத் துல்லியம். ஆகவே கடைசித் தீர்ப்பு அங்கிருந்துதான் வர வேண்டும்.

முதலில் இந்தக் கத்தி ஏன் இவ்வளவு போலி செய்யப்படுகிறது என்று பார்த்துவிடலாம். கிறிஸ் ரீவ் தென்னாப்பிரிக்காவில் டூல் அண்ட் டை வேலை, அதாவது கருவிகளும் அச்சுகளும் துல்லியமாகச் செய்யும் வேலை, பழகியவர்; அங்கேயே கத்தி செய்யத் தொடங்கி, 1989-ல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துக்குப் போய் பாய்சி நகரில் பட்டறை வைத்தார். செபன்சாவின் முதல் வடிவம் 1987-ஐச் சேர்ந்தது. ஜூலு மொழியில் அந்தச் சொல்லுக்கு 'வேலை' என்று பொருள். பிடியின் இரண்டு பக்கமும் டைட்டானியத் தகடுகள். அவற்றில் ஒன்றையே நீளவாக்கில் வெட்டி, வளைந்து உள்ளே வரும் பூட்டாக மாற்றியதுதான் அவர் செய்த பெரிய காரியம். இன்று உலகம் முழுக்க 'ஃபிரேம் லாக்' என்று அழைக்கப்படும் பூட்டு இதிலிருந்து வந்ததே. வெளியிலிருந்து பார்த்தால் கத்தி மிக எளிமையானது: இரண்டு தகடு, ஓர் அலகு, சில திருகுகள், ஒரு கிளிப். வெளி உருவத்தை ஸ்கேன் செய்து கணினி இயந்திரத்தில் வெட்டிவிடலாம். அசலின் விலைக்குக் காரணமான வேலை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு அளவில் நடக்கிறது. படத்தில் அது தெரியாது.

அசல், போலி என்று இரண்டே பெட்டி வைத்துக்கொண்டால் பாதிக் கத்திகளைத் தவறாகப் போடுவீர்கள். வடிவமைத்தவர் தன் கையால் செய்தது ஒரு வகை. அவருடைய பட்டறையில் ஆட்களும் இயந்திரங்களும் சேர்ந்து செய்தது இன்னொரு வகை. செபன்சா இதில்தான் வரும், கிறிஸ் ரீவே ஒவ்வொன்றையும் அராவி எடுத்தார் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். மூன்றாவது, ஒப்பந்தம் போட்டு வேறு நிறுவனம் செய்தது: எர்னஸ்ட் எமர்சனின் சிக்யூசி-7 வடிவத்தை பெஞ்ச்மேட் செய்தது, ரிக் ஹிண்டரரின் வடிவங்களை ஸீரோ டாலரன்ஸ் செய்தது, பாப் டெர்ஸுவோலாவின் வடிவத்தை ஸ்பைடர்கோ செய்தது. இவை போலி அல்ல, முறைப்படி வந்த கத்திகள். ஆனால் இவற்றை அந்தக் கைவினைஞரின் சொந்தக் கத்தி என்று விற்றால் அது மோசடி. நான்காவது, வடிவத்தை மட்டும் திருடி வேறு பெயரில் அல்லது பெயரே இல்லாமல் விற்பது. ஐந்தாவதுதான் பெயரையும் முத்திரையையும் சேர்த்துத் திருடிய முழுப் போலி. செபன்சாவுக்கு நான்காவதும் ஐந்தாவதும் ஏராளம். நான்காவது வகையை வாங்கி, பிறகு முத்திரை மட்டும் போட்டு ஐந்தாவதாக ஆக்குவதும் உண்டு. முத்திரையில் 'ஐடஹோ மேட்' (ஐடஹோவில் செய்தது) என்ற வாசகத்தைப் பார்த்ததும் நிம்மதியடைய முடியாததற்கு அது ஒரு காரணம்.

இனி உங்கள் கத்தி. காசு செலவில்லாத முதல் சோதனை, சொல்லப்படும் விவரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பது. செபன்சாவின் மாற்றங்கள் வரிசையாக நடந்தவை. தொடக்க ஆண்டுகளில் ஏடிஎஸ்-34 எஃகு, 1990-களின் பிற்பாதியில் பிஜி-42, 2000-களில் எஸ்30வி, ஏறக்குறைய 2011 முதல் எஸ்35விஎன், 2020 வாக்கில் எஸ்45விஎன், அதன்பிறகு மேக்னாகட். மாடல்களில், 21 என்பது 2008-ல் வந்தது. முதல் செபன்சாவிலிருந்து 21-ஆம் ஆண்டு என்பதால் அந்தப் பெயர். 2012-ல் 25 வந்தது, பிறகு இன்கோசி, 2019 கடைசியில் 31. மாறும் காலங்களில் ஒரு சில மாதங்கள் இப்படி அப்படி இருக்கும். பட்டறையில் கையிருப்பு தீரும்வரை பழைய அலகு போகும். அதனால் எல்லைக்கோட்டில் ஓராண்டு தள்ளியிருந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் 2014 தேதியிட்ட 21-ல் எஸ்30வி என்பது எல்லைக்கோடு இல்லை. அந்த ஆண்டில் அது எஸ்35விஎன் ஆக இருந்திருக்க வேண்டும். இதற்கு மூன்று விளக்கங்கள் உண்டு: விற்பவர் ஏதோ பழைய விளம்பரத்திலிருந்து வரியை நகல் எடுத்திருக்கிறார், அட்டை வேறு கத்தியினுடையது, அல்லது கத்தியே போலி. முதலாவது சர்வ சாதாரணமாக நடப்பது, எனவே இதை வைத்து மட்டும் அவரைக் குற்றவாளியாக்க முடியாது. ஆனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி உங்கள் கையில் கிடைத்துவிட்டது. தலைகீழாக, பழைய கத்தியில் புது எஃகு இருந்தால் அது அவ்வளவு சந்தேகத்துக்குரியதல்ல. அலகு பழுதாகி, பின்னாளில் மாற்றப்பட்டிருக்கலாம்.

அடுத்து பூட்டு. அலகைத் திறந்து, முதுகுப் பக்கத்திலிருந்து, பூட்டின் முனை அலகின் அடிப்பகுதியைத் தொடும் இடத்தை நல்ல வெளிச்சத்தில் நேராகப் பாருங்கள். 21-ல் டைட்டானியப் பூட்டு நேரடியாக எஃகைத் தொடும். தொடும் முகம் மட்டும் தேயாமல் இருக்க வெப்பத்தால் கடினமாக்கப்பட்டிருக்கும். 25, இன்கோசி, 31 ஆகியவற்றில் அந்த இடத்தில் ஒரு செராமிக் உருண்டை பதிந்திருக்கும். அது எஃகைத் தாங்கும், அலகு மூடியிருக்கும்போது தானாகத் திறக்காமல் பிடித்தும் கொள்ளும். ஆகவே '21' என்று விற்கப்படும் கத்தியில் பூட்டு முனையில் உருண்டை தெரிந்தால், அல்லது திருகு வைத்துப் பொருத்திய தனி எஃகுத் துண்டு தெரிந்தால், அது 21 அல்ல. தனி எஃகுத் துண்டு வைப்பது மற்ற நிறுவனங்களின் வழக்கம். போலி செய்பவர்கள் வேறு கத்தியின் வரைபடத்திலிருந்து அதைக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறார்கள். கிளிப்பையும் பாருங்கள். 21-ன் கிளிப் நுனி பூட்டுத் தகட்டின் மேலேயே உட்காரும். 31-ல் கிளிப் சற்றுச் சாய்வாகப் போய், நுனி பூட்டை விட்டு விலகிப் பிடியின் மேல் உட்காரும். 2014 அட்டையும் சாய்ந்த கிளிப்பும் ஒரே பெட்டியில் இருந்தால் ஏதோ ஒன்று கலந்திருக்கிறது என்று பொருள்.

இப்போது பிவட். நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். சாதாரண மடக்குக் கத்தியில் பிவட் திருகை இறுக்கினால் இரண்டு தகடும் நெருங்கி அலகை அமுக்கும், அலகு இறுகிச் சிக்கும். தளர்த்தினால் பக்கவாட்டில் ஆட்டம் கொடுக்கும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தைப் பிடித்து, திருகு தளராமல் பிடிக்கும் லாக்டைட் பசை போட்டு நிறுத்துவார்கள். பெரிய செபன்சா 21-ல் அப்படியில்லை. பிவட்டைச் சுற்றி ஒரு சிறு எஃகு புஷ் இருக்கிறது, குட்டையான குழாய் போல. அலகின் துளையும் இரண்டு பக்க வாஷர்களும் அதன் மேல் உட்காரும். அந்தப் புஷ்ஷின் நீளம், அலகின் தடிமனையும் இரண்டு வாஷர்களின் தடிமனையும் கூட்டினால் வருவதைவிட ஒரு துளி, மயிரிழையிலும் குறைவான அளவு, அதிகமாக இருக்கும்படி சாணை பிடிக்கப்பட்டிருக்கும். திருகை இறுக்கும்போது தகடுகள் புஷ்ஷின் இரண்டு முகங்களில் மோதி நின்றுவிடும். அதற்குமேல் எவ்வளவு இறுக்கினாலும் அழுத்தம் புஷ்ஷுக்குத்தான் போகும், அலகுக்குப் போகாது. ஆகவே அசலில் பிவட்டை முழுக்க இறுக்கிய நிலையிலும் அலகு எண்ணெயில் போவதுபோல் போகும், பக்கவாட்டு ஆட்டமும் இருக்காது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க வேண்டும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். போலியில் புஷ்ஷே இருக்காது, அல்லது பெயருக்கு ஒன்று இருக்கும். குட்டையாக இருந்தால் இறுக்கியதும் அலகு பிடித்துக்கொள்ளும். நீளமாக இருந்தால் இறுக்கியும் ஆட்டம் நிற்காது. சரியான நீளத்தில் ஆயிரம் புஷ் செய்வது, ஆயிரம் பெட்டி அச்சடிப்பதுபோல் இல்லை.

சோதனையைச் சரியாகச் செய்யாவிட்டால் அசல் கத்தியையே போலி என்று சொல்லிவிடுவீர்கள். பழைய கிரீஸ் கெட்டிப்பட்டிருந்தாலும், பாக்கெட் பஞ்சு உள்ளே போயிருந்தாலும் நல்ல கத்தியும் இறுகிச் சிக்கும். எனவே முதலில் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். வெள்ளைத் துணி விரித்த தட்டில் வைத்துக் கழற்றுங்கள், வாஷர் உருண்டு ஓடினால் தெரியும். திருகுகள் ஆலன் வகை (தலையில் அறுகோணக் குழி உள்ளவை), அங்குல அளவு. கீ குழிக்குள் அடிவரை இறங்கிய பிறகே திருப்புங்கள், மேலோட்டமாக வைத்துத் திருப்பினால் குழியின் மூலைகள் உருண்டுவிடும். மெட்ரிக் கீ கச்சிதமாகப் பொருந்துகிறது என்பதைப் போலியின் அடையாளமாகச் சிலர் சொல்வார்கள். 2 மி.மீ. கீக்கும் 5/64 அங்குலக் கீக்கும் உள்ள வித்தியாசம் கையில் தெரியாது, அதனால் அதைத் தனிச் சான்றாக வைக்க வேண்டாம். நட்சத்திர வடிவ டார்க்ஸ் திருகு இருந்தால் மட்டும் அது பெரிய கேள்வி: ஒன்று யாரோ மாற்றியிருக்கிறார்கள், அல்லது கத்தியே வேறு. கழற்றியதும் வாஷர்களைப் பாருங்கள். 21-ல் அவை பாஸ்பர் வெண்கலம். அகலமானவை, கிரீஸ் தங்குவதற்குத் துளைகள் போட்டவை. உள்ளே பால் பேரிங் இருந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை. செபன்சா பேரிங்கில் ஓடும் கத்தி அல்ல. கெட்டிக்காரத்தனமான போலிகளில்கூட இது நடக்கிறது. பேரிங் வைத்தால் அளவு சற்றுத் தவறினாலும் அலகு வழுக்கிக்கொண்டு போகும், வாங்குகிறவர் 'எவ்வளவு மென்மை' என்று மகிழ்ந்துவிடுவார்.

கையில் 0.01 மி.மீ. காட்டும் மைக்ரோமீட்டர் இருந்தால் இன்னும் ஒரு படி போகலாம். அலகின் தடிமனைப் பிவட் துளையை ஒட்டி அளவிடுங்கள்; பெரிய 21-ல் சுமார் 3.18 மி.மீ. வரும். வாஷர்கள் இரண்டையும் தனித்தனியே அளந்து கூட்டுங்கள். பிறகு புஷ்ஷின் நீளம். புஷ் இந்தக் கூட்டுத்தொகையைவிட மில்லிமீட்டரின் ஒரு சில நூறில் ஒரு பங்கு மட்டும் அதிகமாக இருந்தால் மேலே சொன்ன வேலை நடந்திருக்கிறது. வெர்னியர் காலிப்பரில் இதைச் செய்ய வேண்டாம், அதன் பிழையே நீங்கள் தேடும் வித்தியாசத்தைவிடப் பெரியது. துடைத்து, பிவட்டில் மிகக் குறைவாக கிரீஸ் தடவி, வாஷர்களை அதே பக்கத்தில் அதே முகத்தில் வைத்து மூட்டுங்கள். இறுக்கும்போது ஆலன் கீயின் குட்டைக் காலை விரல்களால் பிடித்து, அது தானாக நிற்கும்வரை மட்டும். நீளக் காலைப் பிடித்து முறுக்கினால் சோதனை முடிவதற்குள் திருகு போய்விடும்.

இந்தப் புஷ் சோதனையை நான் சொன்னது பெரிய 21-க்கு. பெரிய 31-க்கும் பொருந்தும். 25, இன்கோசி ஆகியவற்றில் பிவட் அமைப்பு வேறு, அவற்றில் இறுக்கத்தைக் கையால்தான் அமைக்க வேண்டும். இறுக்கியதும் சிக்குகிறதே என்று ஒரு நல்ல இன்கோசியைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

உலோகச் சோதனைகளில் எது எதைச் சொல்லும் என்பதில் நிறையக் குழப்பம் இருக்கிறது. பிடியில் காந்தம் ஒட்டினால் அது டைட்டானியம் அல்ல, அவ்வளவு நிச்சயம். ஒட்டாவிட்டால் டைட்டானியம் என்று ஆகாது. அலுமினியத்திலும் ஒட்டாது, பாத்திரங்களுக்குப் பயன்படும் 304 வகை ஸ்டெயின்லெஸ் எஃகிலும் அநேகமாக ஒட்டாது. அடர்த்தி பார்ப்பது நல்ல வழி. திருகுகளை நீக்கிய ஒரு பிடித் தகட்டை 0.1 கிராம் காட்டும் தராசில் எடை போடுங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, தகட்டை நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுக்க மூழ்கும்படி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தொங்கவிடுங்கள். தராசு காட்டுவது அது விலக்கிய நீரின் எடை, அதாவது அதன் கன அளவு. தகடு 36 கிராம் என்று வைத்துக்கொண்டால், டைட்டானியம் என்றால் சுமார் 8.1 காட்டும், ஸ்டெயின்லெஸ் என்றால் 4.6, அலுமினியம் என்றால் 13.3. செபன்சாவின் 6ஏஎல்-4வி டைட்டானியக் கலவையின் அடர்த்தி 4.43. துளைகளில் காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் எண் கூடிவிடும், தட்டி நீக்கிவிட்டுப் படியுங்கள். முழுக் கத்தியின் எடையும் ஒரு குறிப்பு: பெரிய 21 சுமார் 133 கிராம். ஆனால் இன்றைய நல்ல போலிகள் உண்மையான டைட்டானியத்திலேயே வருகின்றன. தோற்றால் போலி என்று சொல்லலாம், தேறினால் அசல் என்று சொல்ல முடியாது. உலோகச் சோதனைகள் எல்லாமே இப்படி ஒரு பக்கம் மட்டும் பேசுபவை.

அலகின் எஃகுக்குக் கடினத்தன்மைச் சோதனை செய்யலாம் என்பார்கள்; அது அலகில் ஒரு குழி விட்டுப்போகும், சேகரிப்புக் கத்தியில் செய்யக் கூடாது. தீங்கில்லாத வழி, உலோகக் கலவை படிக்கும் எக்ஸ்-ரே ஃப்ளூரசன்ஸ் துப்பாக்கி. கழிவு உலோகம் தரம்பிரித்து வாங்கும் பெரிய வியாபாரிகளிடமும் சோதனைக்கூடங்களிலும் இருக்கும். நகைக்கடைகளில் இருப்பவை பெரும்பாலும் தங்கம், வெள்ளிக்கு அளவுதிருத்தியவை, அவற்றின் எஃகு எண்களை நம்ப வேண்டாம். இந்தக் கருவி கார்பனைப் படிக்காது, ஆனால் நமக்கு வேண்டிய மற்றவற்றைப் படிக்கும். எஸ்30வி என்றால் குரோமியம் 14, வனேடியம் 4, மாலிப்டினம் 2 சதவீதம், நியோபியம் இல்லை. எஸ்35விஎன் என்றால் வனேடியம் 3-ஆகக் குறைந்து நியோபியம் அரை சதவீதம் வரும். போலிகளில் அடிக்கடி வரும் டி2 என்றால் குரோமியம் 12-க்கு அருகில், வனேடியம் ஒரு சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. மலிவான 8சிஆர்13எம்ஓவி என்றால் வனேடியம் கிட்டத்தட்ட இல்லை. உங்கள் 2014 கத்தியில் அந்த அரை சதவீத நியோபியம் தெரிந்தால் விளம்பரத்தில் இருந்தது வெறும் எழுத்துப் பிழை என்று ஆகிவிடும். அட்டையின் மேல் இருந்த சந்தேகமும் அதோடு தீரும். வனேடியம் ஒன்றுக்குக் கீழே வந்தால் பேச்சுவார்த்தையை முடித்துவிடலாம்.

நீங்கள் கேட்ட முத்திரைக்கு இப்போது வருகிறேன். அதை 10 மடங்கு லென்ஸில் பார்க்க வேண்டும். அச்சு வைத்து அடித்த எழுத்தின் ஓரத்தில் உலோகம் சற்று மேலெழும்பி நிற்கும், விரல் நகத்துக்குத் தட்டும். மின்வேதி முறையில் அரித்த எழுத்து ஆழமில்லாமல், ஓரம் சற்று மென்மையாக, அடிப்பகுதி ஒரே சீரான மங்கலாக இருக்கும். லேசர் எழுத்தில் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கோடுகள் தெரியும், சில நேரம் ஓரத்தில் பழுப்பு, நீலச் சாயல் இருக்கும். இன்னொன்று, வரிசை: அலகின் மேற்பரப்பில் இருக்கும் நுண்கீறல்கள் எழுத்தின் மேலேயும் ஓடுகின்றனவா, எழுத்தின் ஓரத்தில் நின்றுவிடுகின்றனவா? எழுத்து முதலில் வந்ததா, மெருகு முதலில் வந்ததா என்று அது சொல்லும். ஆனால் இவை எல்லாவற்றையும் அதே ஆண்டு, அதே மாடல், நிச்சயமாக அசல் என்று தெரிந்த கத்தியோடு ஒப்பிட்டால்தான் பயன். முத்திரையின் அமைப்பு காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 2005-ன் முத்திரையை வைத்து 2014-ஐ அளந்தால் அசலும் தவறாகத் தெரியும். நீங்கள் போட்ட படம் கைபேசியில் எடுத்தது, வெளிச்சம் எழுத்தின் மேலேயே விழுந்து ஓரங்கள் வெளுத்துப்போயிருக்கின்றன. அதிலிருந்து ஆம் என்றோ இல்லை என்றோ சொல்வது பொறுப்பான பதிலாக இருக்காது.

பலர் சான்று என்று நினைப்பவை சில, சான்றே இல்லை. பூட்டு எத்தனை சதவீதம் உள்ளே வருகிறது என்பது அசலிலும் கத்திக்குக் கத்தி மாறும், தேய்ந்தால் இன்னும் உள்ளே போகும். கூர் நன்றாக இருப்பது, மோசமாக இருப்பது எதையும் சொல்லாது, உரிமையாளர் பத்து முறை சாணை பிடித்திருப்பார். பிடியின் நிறம் சொல்லாது. டைட்டானியத்தை வீட்டிலேயே மின்கலம் வைத்து நீலமாக்கலாம், ஊதாவாக்கலாம். கிளிப், கட்டைவிரல் குமிழ், லேன்யார்டு கயிறு எல்லாம் வெளியாரும் விற்பவை. பிடியில் மீண்டும் சாண்ட் பிளாஸ்ட் அடித்திருந்தால் மேற்பரப்பின் சொரசொரப்பு மாறிவிடும், அசலும் அந்நியமாகத் தெரியும். ஆனால் உள்பக்கத்தை யாரும் மெருகேற்றுவதில்லை. தகடுகளின் உள்முகத்தில் இயந்திர வெட்டுக் கோடுகள் சீராக இருக்கின்றனவா, பூட்டு வளைவதற்காக மெலிதாக்கிய இடத்தில் பிசிறு இல்லாமல் ஓரம் மழுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வாங்குகிறவர் கண்ணுக்குப் படாத இடத்தில் போலி செய்பவன் காசு செலவழிக்க மாட்டான்.

நீங்கள் இனி ஒற்றை ஆள் பட்டறைக் கத்திகளையும் சேர்க்க விரும்புவதாக எழுதியிருப்பதால் ஒரு வார்த்தை. அங்கே அளவுகோல் தலைகீழாகிவிடும். செபன்சாவில் ஒரே மாதிரி இருப்பது நல்ல அடையாளம். கையால் சாணை பிடித்த கத்தியில் இரண்டு பக்கமும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக இருந்தால் அதுவே சந்தேகம். மைக்கேல் வாக்கர் போன்றோரின் மடக்குக் கத்திகளில் பொறிமுறையே கையொப்பம். பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு வளைந்து அலகைப் பூட்டும், இன்று எங்கும் காணும் லைனர் லாக்கை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தவர் அவர். அவ்வகையில் கத்தியின் கைமாற்ற வரலாறு, அதாவது யார் யாரிடமிருந்து எந்த ஆண்டு வாங்கினார் என்ற எழுத்துச் சான்று, கத்திக்குச் சமமான மதிப்புள்ளது. செய்தவர் உயிரோடு இருந்தால் படங்களை அனுப்பி அவரிடமே கேட்கலாம். பெரும்பாலோர் தங்கள் கத்தியை ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள். இறந்துவிட்டால் அந்த வாசல் மூடிவிடும், போலிகளும் பெருகும். 2010-ல் காலமான அமெரிக்கக் கத்திக் கைவினைஞர் பாப் லவ்லெஸ் செய்தவை பெரும்பாலும் மடக்காத கத்திகள் என்றாலும், அவர் பெயரில் போலிகள் புழங்கும் சந்தையைப் பார்த்தால் இது விளங்கும். அங்கே படத்தை மட்டும் பார்த்து யாராவது சான்றிதழ் கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கத்தியைப் பொறுத்தவரை, இப்போது இருக்கும் தகவலில் நான் பணம் அனுப்பமாட்டேன். விலையும் எஃகும் இரண்டு கேள்விகள், இரண்டுக்கும் குற்றமற்ற பதில் இருக்கலாம். விற்பவரிடம் இன்றைய தேதி எழுதிய தாளின் பக்கத்தில் கத்தியை வைத்துப் படம் கேளுங்கள்: திறந்த நிலையில் பூட்டு முனை நேராகத் தெரியும்படி ஒன்று, முத்திரை சாய்ந்த வெளிச்சத்தில் ஒன்று, அட்டை முழுதாக ஒன்று, கிளிப் பக்கம் ஒன்று. பிறகு பிவட்டைக் கழற்றி புஷ், வாஷர்கள், தகடுகளின் உள்முகம் மூன்றும் தெரியும்படி ஒன்று. முடிந்தால் பிவட்டை முழுக்க இறுக்கி, அலகைத் திறந்து மூடி, பக்கவாட்டில் அசைத்துக் காட்டும் ஒரு சிறு வீடியோ. கழற்றினால் உத்தரவாதம் போய்விடும் என்று அவர் மறுத்தால், அந்தப் பெட்டிக்குள் ஆலன் கீகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். உரிமையாளர் தானே கழற்றிச் சுத்தம் செய்வதற்காக நிறுவனமே கத்தியோடு சேர்த்துக் கொடுத்தவை அவை.